ஒற்றன் என்னும் ஐயமும் கற்போர் உரிமையும்: புனே நகர அயல்நாட்டு மாணவரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கல்வியின்பொருட்டு நாடு கடந்து செல்லுதல் மிகப் பழைமையான வழக்கம். அவ்வாறு வருவோரை எல்லைக்குள் விடுவதா, விட்டபின் தங்கவிடுவதா என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் அரசுகளிடம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இன்று அவ்வதிகாரம் விசா எனப்படும் நுழைவிசைவின் வாயிலாகச் செயற்படுகிறது. சட்ட நூலார் இதனை இறைமை என்னும் கருத்தால் விளக்குவர். அறவியல் நோக்கிலோ வேறொரு வினா எழுகிறது. ஒரு மாணவரை ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட அரசு, பின்னர் அவ்விசைவை நீக்கும்போது அவர்க்குக் கடப்பாடு எதுவும் உடையதா? உடையதெனின் அதன் எல்லை யாது? அயல்நாட்டு மாணவர் பலர் பயிலும் புனே நகரை 2021இல் தொட்ட ஒரு நிகழ்வை முன்வைத்தும், புறநானூறு, திருக்குறள், மணிமேகலை ஆகிய நூல்களின் சிந்தனைகளைத் துணையாகக் கொண்டும் இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனேயும் அயல்நாட்டு மாணவரும்

புனே கல்வி நகரமாக வளர்ந்ததற்கு நீண்ட வரலாறு உண்டு. 1884இல் தக்காணக் கல்விக் கழகமும், 1885இல் ஃபெர்கூசன் கல்லூரியும், 1917இல் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் அங்குத் தோன்றின. 1949இல் தொடங்கப்பெற்ற புனே பல்கலைக்கழகம் 2014 முதல் சாவித்திரிபாய் புலே பெயரைத் தாங்கி நிற்கிறது. ஈரான், ஆப்கானிஸ்தான், ஏமன், சூடான் முதலிய நாடுகளிலிருந்தும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மாணவர் பல்லாண்டுகளாக இந்நகருக்கு வந்து பயின்றுள்ளனர்.

இந்நகரின் கல்வி நிறுவனங்களுள் ஒன்று அயல்நாட்டு மாணவரை எண்ணியே பிறந்தது என்பது ஈண்டுச் சுட்டத்தக்கது. ஃபெர்கூசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எஸ். பி. முஜும்தார், மொரீஷியஸ் நாட்டு மாணவர் ஒருவர் மஞ்சள் காமாலையுற்று விடுதியில் தனித்துக் கிடந்த நிலையைக் கண்டு, அத்தகையோர்க்கென ஓர் அமைப்பு வேண்டும் எனக் கருதினார். 1971இல் அவர் நிறுவிய சிம்பயோசிஸ் அதன் விளைவு. வேறுபட்ட இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாகக் கூடி வாழ்தலைக் குறிக்கும் உயிரியற் சொல்லையே அவர் தம் நிறுவனத்திற்குப் பெயராக்கினார். அயலவர் மாணவராக வரும்போது ஏற்கும் நகரம் கொடுப்பதோடு பெறுகிறது என்னும் கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது.

புனே அயல்நாட்டு மாணவரை ஏற்ற நகரம் மட்டுமன்று. அனுப்பிய நகரமும் ஆகும். மராத்தியப் பெண்மணியான ஆனந்திபாய் ஜோஷி 1883இல் மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி 1887இல் புனேயில் மறைந்தார். அவர் சென்ற காலத்தில் மாணவர் விசா என்னும் முறை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகையைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. இனப் பகைமையில் பிறந்த அச்சட்டமும் சீன மாணவரையும் ஆசிரியரையும் தடையிலிருந்து விலக்கியே வைத்தது. கற்க வருபவர் ஏனைய வருகையாளரினின்றும் வேறானவர் என்னும் உணர்வு அத்தகைய சட்டத்திலும் எஞ்சியிருந்தமை எண்ணத்தக்கது.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் அயலார் வருகையை 1920ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டமும், 1939ஆம் ஆண்டு அயலார் பதிவுச் சட்டமும், 1946ஆம் ஆண்டு அயலார் சட்டமும் நெடுங்காலம் ஆண்டன. அவற்றின் இடத்தில் 2025ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் அயலார் சட்டம் இயற்றப்பெற்று, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. நுழைவை மறுக்கும் குடிவரவு அலுவலரின் முடிவே இறுதியானது என இச்சட்டம் கூறுகிறது. தம்மிடம் பயிலும் அயல்நாட்டவரைப் பற்றிய செய்திகளைப் பதிவு அலுவலர்க்குத் தரவேண்டிய பொறுப்பையும் கல்வி நிறுவனங்கள்மீது அது சுமத்துகிறது. மாணவர்க்குரிய இசைவு குறிப்பிட்ட நிறுவனத்தோடும் பாடத்தோடும் பிணைக்கப்பட்டது. அவற்றை மாற்ற வேண்டின் அரசின் ஒப்புதல் தேவை.

1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அயலாரை வெளியேற்றும் அரசின் அதிகாரம் கட்டற்றது எனக் கூறியது. 1991இல் லூயி டி ரேட் வழக்கில் அதனை வழிமொழிந்த நீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர், உரிமைக் காப்பு அயலார்க்கும் உண்டு என்றும், நாட்டில் தங்கி வாழும் உரிமை குடிமக்களுக்கே உரியது என்றும் வரையறுத்தது. 2020 மார்ச்சில், ஓர் அரசியற் பேரணியில் கலந்துகொண்டதாகக் கூறிப் போலந்து நாட்டு மாணவர் ஒருவர்க்கு வழங்கப்பட்ட வெளியேற்ற ஆணையைக் கொல்கத்தா உயர்நீதிமன்றம் நீக்கியது. ஆக, சட்டம் இரண்டு குரல்களில் பேசுகிறது. அதிகாரம் கட்டற்றது என்பது ஒன்று. அதற்கு ஆட்படுபவர் மனிதர் என்பதை மறக்கலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இணைக்கும் நெறியைச் சட்டம் முழுமையாக வகுத்துத் தரவில்லை. அவ்விடத்தில்தான் அறவியலுக்கு இடம் உண்டாகிறது.

2021ஆம் ஆண்டு நிகழ்வு

2019-20ஆம் கல்வியாண்டில் இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் 49,348 அயல்நாட்டு மாணவர் பயின்றதாக அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வறிக்கை காட்டுகிறது. நேபாளத்தை அடுத்து ஆப்கானிஸ்தானிலிருந்தே மிகுதியானோர் வந்திருந்தனர். அவருள் பலர் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தின் உதவித்தொகை பெற்றவர்கள். புனேயும் அவர்கள் நாடிச் சென்ற நகரங்களுள் ஒன்று.

2020இல் கொரோனா தொற்றுப் பரவியபோது வகுப்புகள் இணையவழிக்கு மாறின. அயல்நாட்டு மாணவர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். 2021 ஆகஸ்ட் 15இல் காபூல் தாலிபான் வசமாயிற்று. பத்து நாள்களுக்குப்பின், ஆகஸ்ட் 25இல், இந்திய உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதன்படி, ஆப்கானிஸ்தான் நாட்டவர் இனி மின்னணு விசா வாயிலாகவே இந்தியா வரலாம். இந்தியாவிற்கு வெளியே இருக்கும் அந்நாட்டவர்க்கு முன்னர் வழங்கப்பட்ட விசாக்கள் அனைத்தும் உடனடியாகச் செல்லாதவை ஆகும். ஆப்கானிஸ்தான் நாட்டவரின் கடவுச்சீட்டுகள் சில காணாமற்போனதாக வந்த செய்திகள் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன.

இவ்வறிவிப்பின் விளைவு நுட்பமாக நோக்கத்தக்கது. ஒரே வகுப்பில் பயின்ற இரு மாணவருள் விடுமுறையில் ஊர் செல்லாமல் புனேயில் தங்கியவரின் இசைவு நிலைத்தது. பெற்றோரைக் காணச் சென்றவரின் இசைவு நீங்கியது. இருவரிடையே ஒழுக்கத்தாலோ தகுதியாலோ வேறுபாடு இல்லை. அன்று எங்கு இருந்தார் என்பதே வேறுபாடு. காபூலிலிருந்த இந்தியத் தூதரகம் அம்மாதமே மூடப்பட்டது. தொழில்நுட்பக் குழு ஒன்று 2022 ஜூனில்தான் அங்குத் திரும்பியது. அவ்வாண்டு டிசம்பரில் தாலிபான் அரசு பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வியைத் தடுத்தது. எல்லைக்கு வெளியே நின்ற மாணவியர்க்கு இந்திய வகுப்பறை வாய்ப்புகளுள் ஒன்றாக இருந்த நிலை மாறி, உயர்கல்விக்கு எஞ்சிய மிகச் சில வழிகளுள் ஒன்றாயிற்று.

மணிமேகலைக் காப்பியத்தில் சமயவாதிகளின் கொள்கைகளை அறிய விழையும் மணிமேகலை, இளம்பெண் என்பதால் தனக்கு அவற்றைக் கூறார் என்பதை உணர்ந்து, வஞ்சியில் மாதவன் வடிவம் கொண்டு கேட்கிறாள். கற்கும் விழைவைத் தடுக்கும் வாயில், கற்பவரைத் தம் அடையாளத்தை மறைக்கச் செய்யும் என்பதை அக்காப்பியம் உணர்த்துகிறது. காப்பியத் தலைவிக்கு வடிவம் மாற்றும் மந்திரம் இருந்தது. காபூலில் நின்ற மாணவிக்கு அத்தகைய வழி இல்லை.

கோவூர்கிழாரின் வாதம்

கற்றோர்மீது அரசு கொள்ளும் ஐயம் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்று புறநானூற்றின் 47ஆம் பாடலாகும். சோழர்குலத்து நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டிருந்த காலம் அது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது கோவூர்கிழார் பாடிக் காத்தார் எனப் பாடலின் அடிக்குறிப்புக் கூறுகிறது. பாடலினுள் இப்பெயர்கள் இல்லை. எனவே நிகழ்ச்சியின் வரலாற்று உண்மையைவிட, பாடல் முன்வைக்கும் வாதமே இங்குக் கருதத்தக்கது.

அவ்வாதம் மூன்று கூறுகளை உடையது. புலவர் நெடுந்தொலைவு கடந்து வள்ளல்களை நாடிச் சென்று, பெற்றதைச் சுற்றத்தார்க்கும் பிறர்க்கும் பகிர்ந்து வாழ்பவர் என்பது முதலாவது. கல்வியால் தம்மொடு மாறுபட்டோரை வெல்வதன்றி அவ்வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு செய்வதில்லை என்பது இரண்டாவது. நிலம் ஆளும் மன்னர்க்கு ஒப்பான பெருமை அவர்க்கும் உண்டு என்பது மூன்றாவது. ஊர் கடந்து செல்லுதல் புலமைத் தொழிலின் இயல்பே. அதனையே ஐயத்திற்குக் காரணமாக்கலாகாது என்பது இதன் உட்கிடை.

இவ்வாதத்தின் எல்லையையும் உணர்தல் வேண்டும். சிறைப்பட்ட இப்புலவன் ஒற்றன் அல்லன் எனப் பாடல் எங்கும் நேரே நிறுவவில்லை; புலவர் என்னும் வகுப்பின் இயல்பையே கூறுகிறது. அரசன் ஐயுற்றதும் வகுப்பு நோக்கியே ஆகும். பகைவனிடமிருந்து வருபவன் பகைவனின் ஆள் என அவன் கொண்டான். வகுப்பை வைத்துக் குற்றம் காண்பது தவறெனின், வகுப்பை வைத்துக் குற்றமின்மை காண்பது மட்டும் எவ்வாறு பொருந்தும்? புலவர் வடிவில் ஒற்றர் வரக்கூடும் என்பதை மறுக்கவும் இயலாது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமே துறவியர் வேடம் பூண்டு உளவறிதலை ஒற்றர்க்குரிய இலக்கணமாகக் கூறுகிறது. எனவே அரசின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது எனத் தள்ளிவிடுதல் இயலாது.

புனே இதனைத் தன் பட்டறிவாலும் அறியும். 2010 பிப்ரவரி 13இல் அந்நகரின் ஜெர்மன் பேக்கரி என்னும் உணவகத்தில் குண்டு வெடித்தபோது உயிரிழந்தோருள் அயல்நாட்டு மாணவரும் இருந்தனர். அரசின் காவற் கடமை குடிமக்களை மட்டுமன்றி அயல்நாட்டு மாணவரையும் காக்கும் கடமையே. ஆதலின் கட்டுப்பாடே வேண்டா என்பார் கூற்று அம்மாணவர்க்கும் நன்மை பயப்பதன்று. கட்டுப்பாடு எந்நெறியில் அமைதல் வேண்டும் என்பதே வினா.

தெரிதலும் தெளிதலும்

இவ்வினாவிற்குத் துணை செய்வது திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரமாகும். அவ்வதிகாரம் அரசன் தன் வினையாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. ஆயினும் அதன் இறுதிக் குறள் கூறும் நெறி பொதுமை உடையது. ஆராயாமல் ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பியவனிடத்துப் பின்னர் ஐயம் கொள்ளுதலும் ஆகிய இரண்டும் நீங்காத துன்பம் தரும் என்பது அதன் கருத்து. ஐயத்திற்கு உரிய காலம் தெளிவதற்கு முன்னர் என்பதும், தெளிந்தபின் ஐயுற வேண்டின் அதற்குப் புதிய காரணம் வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும்.

மாணவர் நுழைவிசைவிற்கு இந்நெறியைப் பொருத்தின் இரண்டு நிலைகள் புலனாகும். முதலாவது, இசைவு தருவதற்கு முந்திய நிலை. இங்கு அரசிற்குப் பரந்த உரிமை உண்டு. நாளந்தாவின் வாயிலில் புதியோரைக் கடிய வினாக்களால் ஆராய்ந்து, தேறியோரையே உள்ளே விட்டனர் என்பது யுவான் சுவாங் தரும் செய்தி. ஆராய்தல் அறத்திற்கு மாறன்று. இரண்டாவது, இசைவு தந்தபின் உள்ள நிலை. மாணவர் தம் ஊரில் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்புகளை விட்டு, கட்டணம் செலுத்தி, ஆண்டுகளைச் செலவிட்டு, அரசின் சொல்லை நம்பி வருகிறார். பாதியில் நிறுத்தப்பட்ட பட்டத்தால் எப்பயனும் இல்லை. இங்கு இசைவை நீக்குதல் ஓர் அருளைத் திரும்பப் பெறுதல் போன்றதன்று. கொடுத்த வாக்கை மீறுதல் போன்றது.

மேலைச் சிந்தனையிலும் இவ்வேறுபாட்டிற்கு இணையுண்டு. 1795இல் வெளிவந்த 'நிலைத்த அமைதி' என்னும் நூலில் இமானுவேல் கான்ட், பிற நாட்டில் சென்று காணும் உரிமையையும் விருந்தினராகத் தங்கும் உரிமையையும் பிரித்துரைத்தார். பின்னது தனி உடன்படிக்கையால் மட்டுமே உண்டாகும் என்பது அவர் கருத்து. மாணவர் நுழைவிசைவை அத்தகைய உடன்படிக்கையாகவே கொள்ளலாம். மைக்கேல் வால்சர் 1983இல், யாரைத் தம்முள் சேர்ப்பது என்பதை முடிவு செய்தல் அரசியற் குமுகத்தின் அடிப்படை உரிமை என வாதிட்டார். ஜோசப் கேரன்ஸ் 1987இல் திறந்த எல்லைகளுக்காக வாதிட்டார். இவ்விருவருள் எவரை ஏற்றாலும், சேர்த்துக்கொண்டபின் உண்டாகும் கடப்பாட்டை மறுத்தல் இயலாது. வால்சரின் கொள்கை சேர்ப்பதா விடுப்பதா என்னும் தேர்விற்கு உரிமை தருகிறது. தேர்ந்தபின் கைவிடுதற்கு அதனை அவ்வாறே நீட்டல் ஒல்லாது.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். காபூலின் வீழ்ச்சியே புதிய காரணம் அன்றோ என்பது முதலாவது. ஆம், அது புதிய சூழல். ஆனால் அச்சூழல் இசைவை மீண்டும் ஆராய்தற்குக் காரணமாகலாம். அனைத்தையும் ஒருசேர நீக்குதற்குப் போதுமானதன்று. உதவித்தொகை பெற்ற மாணவரின் படமும், மதிப்பெண்ணும், பதிவும் இந்திய நிறுவனங்களிடமே இருந்தன. கடவுச்சீட்டு பிறர் கைப்பட்டிருப்பினும் ஆளை அடையாளம் காண வழி இருந்தது. பொது ஆணை சில நாள்களுக்குத் தேவையாக இருந்திருக்கலாம். அதனை அடுத்து ஒவ்வொருவரையும் தனித்து ஆராயும் முறை வந்திருத்தல் வேண்டும் என்பதே அறம் வேண்டுவது.

அரசின் முதற்கடமை தன் குடிமக்களுக்கே என்பது இரண்டாவது மறுப்பு. கடமைகளுக்குள் வரிசை உண்டு என்பது உண்மை. ஆயினும் முதற்கடமை இருத்தல் ஏனைய கடமைகளை இல்லாமற் செய்துவிடாது. தன் மக்களைக் காப்பவன் கடன்பட்டவர்க்குத் திருப்பித் தரவேண்டா என எவரும் கூறார்.

பிற நாடுகளும் இவ்வாறே செய்கின்றன என்பது மூன்றாவது மறுப்பு. பிரிட்டன் படிப்பிற்குப் பிந்தைய பணி இசைவை 2012இல் நீக்கி, 2021இல் மீண்டும் தந்தது. கனடா 2024இல் மாணவர் இசைவுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. ஆஸ்திரேலியா அவ்வாண்டு ஜூலையில் மாணவர் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600 டாலராக உயர்த்தியது. அமெரிக்கா 2020 ஜூலையில், இணையவழி மட்டும் பயிலும் அயல்நாட்டு மாணவர் வெளியேற வேண்டும் என அறிவித்து, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குத் தொடுத்தபின் எட்டு நாள்களில் கைவிட்டது. 2025 மே மாதத்தில் ஹார்வர்டு அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் இசைவையே அது நீக்க முற்பட, நீதிமன்றம் தடுத்தது. இவற்றால் பாதிக்கப்பட்டோருள் இந்தியர் பலர். பிறர் செய்யும்போது தீங்கு எனக் கருதப்படுவது தாம் செய்யும்போது கொள்கையாகிவிடாது. மேலும் இவை அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. கனடாவின் வரம்பும் ஆஸ்திரேலியாவின் கட்டணமும் பெரிதும் இனி வருவோரை நோக்கியவை. அமெரிக்காவின் ஆணைகள் ஏற்கெனவே வந்தோரையும் தாக்கியவை. முன்னவை கொள்கை வேறுபாட்டிற்கு உரியவை. பின்னவை நம்பிக்கைக் கேட்டிற்கு உரியவை.

பல்கலைக்கழகத்தின் கடமை

இதுகாறும் அரசின் கடப்பாடு ஆராயப்பட்டது. புறநானூற்றுப் பாடல் வேறொரு கடப்பாட்டையும் நினைவூட்டுகிறது. இளந்தத்தனைக் காத்தது அரசனின் இரக்கம் மட்டுமன்று. அரசன் மதிக்கும் மற்றொரு புலவர் முன்வந்து கூறிய சான்றுரை. கோவூர்கிழார் தம் நற்பெயரையே பிணையாக வைத்தார். வகுப்பு நோக்கிய அவர் வாதத்தில் உள்ள குறையை, சான்று கூறுபவராக அவர் நின்ற நிலை நிறைவு செய்கிறது.

இன்று அவ்விடத்தில் நிற்கத் தக்கது பல்கலைக்கழகமே. மாணவரை நாள்தோறும் காண்பதும், அவர்தம் வருகையும் உழைப்பும் அறிவதும் அதுவே. சட்டமோ மாணவரைப் பற்றி அரசிற்குச் செய்தி தரும் பொறுப்பை மட்டும் அதற்கு விதிக்கிறது. மாணவர்க்காகப் பேசும் பொறுப்பை விதிக்கவில்லை. தெரிவிக்கும் கடமை உள்ளவர்க்குச் சான்று கூறும் உரிமையும் இருத்தல் வேண்டும். இசைவு நீக்கப்படும் முன் நிறுவனத்தின் கருத்தைக் கேட்டல் என்னும் எளிய நடைமுறை அரசின் காவற் கடமைக்கு ஊறு செய்யாது. ஐயத்தைத் தெளிவாக்கவே உதவும். 2020இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தமை இக்கடமையின் ஒரு வடிவம்.

கற்க வந்தவர் இழிவுறும்போது நேரும் விளைவிற்கு வரலாற்றிலும் சான்றுண்டு. காஞ்சிக் கடிகையில் பயில வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரை வீரனொருவனோடு நேர்ந்த பூசலால் மனம் புண்பட்டுக் கல்வியை விட்டு வாளேந்தினான் என்றும், அவனே கடம்ப அரசைத் தோற்றுவித்தான் என்றும் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகிறது. மாணவராக வந்தவரைக் காவலர் நடத்திய முறை அவரைப் பகைவராக்கிற்று. ஐயம் சில வேளைகளில் தான் அஞ்சியதைத் தானே உண்டாக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. கற்க வருவோரை ஆராய்ந்து ஏற்கவும் மறுக்கவும் அரசிற்கு உரிமை உண்டு. ஏற்றபின் அவ்வுரிமை கடப்பாட்டால் வரையறுக்கப்படுகிறது. புதிய ஐயம் தோன்றின் மீண்டும் ஆராயலாம். ஆனால் அவ்வாராய்ச்சி நாட்டினத்தை நோக்கியதாக நின்றுவிடாமல் தனியொருவரை நோக்கியதாகவும், காரணம் கூறுவதாகவும், அவர் மறுமொழியைக் கேட்பதாகவும் அமைதல் வேண்டும். 2021ஆம் ஆண்டு அறிவிப்பின் குறை, அது ஐயுற்றமையில் இல்லை. ஐயத்தைத் தெளிவாக மாற்றும் வழியை அதனோடு சேர்த்து வகுக்காமையில் உள்ளது. அவ்வழியில் சான்று கூறி நிற்றல் மாணவரை ஏற்ற பல்கலைக்கழகத்தின் கடமை. கணியன் பூங்குன்றனார் காட்டிய உலகளாவிய உறவுணர்வை எல்லைகள் உள்ள உலகில் முழுமையாக நிறைவேற்றுதல் அரிது. ஆராய்ந்து ஏற்ற ஒருவரை ஆராயாது கைவிடாமை எவ்வரசிற்கும் இயலக்கூடிய அறமாகும்.